ஓடாத சுரங்கம், ஓடும் ஜீப்

கோலார் தங்க வயலில் தங்கம் தோண்டுவது 2001ல் நின்றுபோனது. பழைய வண்டியின் அடியில் படுத்து ஸ்பானர் பிடிக்கும் பழக்கம் நிற்கவில்லை. ஆனால் இப்போது எதிரி துரு மட்டுமல்ல, காலாவதிச் சட்டங்களும்தான்.

டிசம்பர் காலைக் குளிரில் பழைய டீசல் ஜீப் எளிதில் எழுந்திருக்காது. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் கோலார் தங்க வயலில் இது வருடா வருடம் நடக்கிற சங்கதி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும். எஞ்சின் இரண்டு முறை இருமும். பிறகு மௌனம். புது வண்டிக்காரர் என்றால் இந்தக் கட்டத்தில் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு போன் போடுவார். பழைய ஜீப்காரர் பானெட்டைத் தூக்குவார்.

முதலில் ஹீட்டர் பிளக்குகளுக்கு கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பார். வந்தால் அடுத்த சந்தேகம், டீசல் லைனில் காற்று. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, கை பம்ப்பை அமுக்கினால் டீசல் நுரைநுரையாகக் கொப்பளிக்கும். நுரை அடங்கி, சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை முறுக்கி, மறுபடி சாவி. வெள்ளைப் புகை ஒரு கொத்து, அதன்பின் அந்தப் பழகிப்போன தடதட சத்தம். செலவு: பத்து நிமிடமும் கொஞ்சம் பழந்துணியும்.

'எஸ்.யு.வி.' என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கு வருவதற்கு வெகு முன்பே அந்த வேலையைச் செய்து வந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பை 1947ல் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா நிறுவனம். பின்னர் வந்த சி.ஜே. 3பி ரகம் உயரமான பானெட்டால் உடனே அடையாளம் தெரியும். உள்ளே இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு தலையிலும், புகை வெளியேறும் வால்வு பிளாக்கிலும் இருந்தன. அந்த எஞ்சினின் உயரத்துக்காகத்தான் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் இந்த ரகம் 1960களோடு முடிந்துபோக, இந்தியாவில் அதன் வாரிசுகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. அதன் பிறகு வந்தவை தெரிந்த பெயர்கள்: 1985ல் மாருதி ஜிப்ஸி, 1991ல் டாடா சியாரா, 1993ல் மஹிந்திரா அர்மடா, 1994ல் டாடா சுமோ, 1998ல் சஃபாரி, 2000ல் பொலேரோ. இவற்றில் ஒவ்வொன்றும் இன்று 'பழைய வண்டி' என்ற வகையில் சேர்ந்துவிட்டது.

பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஆசைக்கு வைத்திருப்பவர், வேறு வழியில்லாமல் வைத்திருப்பவர். முதல் வகை பெங்களூரில் அதிகம். இரண்டாம் வகையை அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பக்கம் பார்க்கலாம்.

பட்டறையில் வளர்ந்த ஊர்

பிரிட்டிஷ் கம்பெனியான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880ல் இங்கே காலெடுத்து வைத்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் சாரிசாரியாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வரும் முன்பே தங்க வயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது.

அத்தனை ஆழத்துக்கு ஆளை இறக்கி ஏற்றும் கூண்டு, அதை இழுக்கும் இயந்திரம், பாறையைத் துளைக்கும் டிரில், காற்றை அனுப்பும் கம்ப்ரசர், தண்ணீரை இறைக்கும் பம்ப் என எல்லாமே இரும்பு, எல்லாமே தேய்வது. ஒரு பாகம் உடைந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பல் வரும்வரை சுரங்கத்தை மூடிவைக்க முடியாது. அதனால் ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோல்டர், எலெக்ட்ரீஷியன் என்று ஒரு தனி ஜனத்தொகையே இங்கு உருவானது. சுரங்கத் தொழிலாளி என்றதும் நினைவுக்கு வருவது தலையில் விளக்குக் கட்டிய ஆள்தான். அவரைக் கீழே அனுப்பிப் பத்திரமாக மேலே கொண்டுவந்தவர்கள் இந்தப் பட்டறைக்காரர்கள்.

1964ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான பெமல், புல்டோசரும் மண் அள்ளும் இயந்திரங்களும் செய்யும் தொழிற்சாலையை இங்கே அமைத்தது. அதனால் பட்டறை அறிவு இன்னொரு தலைமுறைக்கும் கைமாறியது. வீட்டில் ஒருவர் சுரங்கத்தில், இன்னொருவர் பெமலில் என்பது சகஜமாக இருந்த ஊரில், வாசலில் நிற்கும் வண்டியை மெக்கானிக்கிடம் விடுவது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்.

2001 பிப்ரவரி 28ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊர், அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஆட்களை அனுப்பும் ஊராகியது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் போகும் ரயிலில் ஃபிட்டரும் போனார், ஃபிட்டரின் மகனும் போனார். மாலையில் அதே ரயிலில் சில சமயம் ஒரு பேரிங்கோ, ஒரு செட் பிரேக் லைனிங்கோ கூடவே வரும். பெங்களூர் ஜே.சி. ரோடு புதுப் பாகங்களுக்கு, சிவாஜி நகர் பழைய பாகங்களுக்கு. சென்னைக்காரருக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி.

தூசிதான் முதல் எதிரி

தங்க வயலில் வண்டி வைத்திருப்பவருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. ஊருக்குள்ளேயே எழுந்து நிற்கும் சயனைடு மேடுகள். தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய பாறைத் தூள், மூன்று கோடி டன்னுக்கு மேல், மலைமலையாகக் குவிந்திருக்கிறது. காற்று வீசும் மாதங்களில் இந்த மாவுத் தூசி வீட்டுக்குள், சோற்றுக்குள், எஞ்சினுக்குள் எல்லாம் புகுந்துவிடும். பாறைத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது சிலிகோசிஸ் நோயால் மூச்சுத் திணறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எஞ்சினுக்கும் நடப்பது கிட்டத்தட்ட அதுவே. தூசி சிலிண்டர் சுவரை அரம் போல அராவி, பிஸ்டன் ரிங்கைத் தேய்த்து, ஆயிலைக் குடிக்க வைத்து, கடைசியில் நீலப் புகை கக்க வைக்கும்.

பழைய ஜீப்புகளில் ஏர் ஃபில்டர் காகிதத்தால் ஆனது அல்ல. ஒரு தகரக் கிண்ணத்தில் ஆயில். அதன் மேல் கம்பி வலை. உள்ளே வரும் காற்று ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசி அங்கேயே தங்கிவிடும். செலவில்லாத அருமையான ஏற்பாடு, கிண்ணத்தைக் கழுவி புது ஆயில் ஊற்றும்வரை. அடியில் சேறு கட்டிய பிறகு அது வெறும் தகர டப்பா. கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு தார் ரோட்டுக்கானது. தூசி ஊரில் கண்ணால் பார்த்துத்தான் கணக்கு வைக்க வேண்டும். வண்டிக்காரர் தானே செய்யக்கூடிய வேலைகளில் மிகச் சுலபமானதும், எஞ்சின் ஆயுளை மிக அதிகமாக நீட்டுவதும் இதுதான்.

அடுத்தது ஸ்டியரிங் ஆட்டம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் தலைவிரித்து ஆடும். ஓட்டுபவரின் கை மணிக்கட்டுவரை அதிரும். பலரும் முதலில் செய்வது ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கிப் பூட்டுவது. அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி. காரணம் பெரும்பாலும் கிங்பின் பேரிங்கிலோ, டை ராடு முனைகளிலோ, ஸ்பிரிங் பட்டைகளின் தேய்ந்த புஷ்களிலோ இருக்கும். கண்டுபிடிக்கும் முறையும் எளிது. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கிங்பின் அல்லது வீல் பேரிங்கின் தளர்ச்சி தெரியும். இடம் வலமாக ஆட்டினால் டை ராடு. இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையக்கூடாது. இரும்பு ஸ்டாண்டோ, கெட்டியான மரக்கட்டையோ கட்டாயம் வேண்டும். செங்கல் உதவாது, பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். மேலே தொங்கும் பாறையை முட்டுக்கொடுக்காமல் கீழே வேலை செய்யக்கூடாது என்பது சுரங்கத்தின் முதல் பாடம். வாசலிலும் அதுவேதான்.

நிற்கத் தெரிந்த பிறகு ஓடட்டும்

பழுது பார்ப்பது ஒன்று, மேம்படுத்துவது வேறொன்று. இரண்டாவதில்தான் ஆசையும் ஆபத்தும் ஒன்றாக வருகின்றன. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஹரிக்கேன் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றியது ஒரு தலைமுறை. 1980களில் மஹிந்திராவே பூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினைக் கொண்டுவந்தது. 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். அதன் பிறகு வந்தவர்களின் ஆசை பொலேரோவின் ஐந்து கியர் பெட்டி, பவர் ஸ்டியரிங், அகலமான டயர் என்று போனது.

ஆனால் வரிசை முக்கியம். பழைய ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. காலின் பலம்தான் பிரேக்கின் பலம். அறுபது கிலோமீட்டரில் போவதற்காக அமைந்த பிரேக்கை வைத்துக்கொண்டு தொண்ணூறில் போகும் எஞ்சினை ஏற்றுவது மேம்பாடு அல்ல. அதனால் முதல் செலவு பிரேக்குக்கு. ரப்பர் ஹோஸ்கள், சிலிண்டர்களின் வாஷர்கள், லைனிங், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறினால் மலை இறக்கத்தில் சூடாகி ஆவியாகும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும்.

பூஸ்டர் போடுவதில் பலரும் இடறி விழும் ஒரு குழி உண்டு. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகும். அந்த உறிஞ்சும் சக்தியைக் கொண்டுதான் பூஸ்டர் மிதியை இலேசாக்குகிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றை மறிக்கும் தட்டு கிடையாது. எனவே பூஸ்டருக்குப் போதுமான வெற்றிடமும் கிடைக்காது. பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய பூஸ்டரை டீசல் ஜீப்பில் மாட்டிவிட்டு, பிரேக் முன்னைவிடக் கல்லாக இருக்கிறதே என்று விழிப்பவர்கள் உண்டு. தேவை ஒரு வாக்குவம் பம்ப். டீசல் வண்டிகளுக்கான ஆல்டர்னேட்டர்கள் பலவற்றின் முதுகிலேயே அந்தப் பம்ப் பூட்டப்பட்டிருக்கும். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஐட்லிங்கிலும் பேட்டரி சார்ஜ் ஆகும், பிரேக்கும் இலேசாகும்.

விளக்கிலும் இப்படியொரு நுணுக்கம். 60 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்சாரம் ஓடும். முப்பது வருட வயரும் டாஷ்போர்டு ஸ்விட்சும் அதைத் தாங்கி வரும்போது பாதி வழியிலேயே வோல்டேஜ் களைத்துவிடும். விளக்கு மங்கலாக இருக்கிறது என்று 100 வாட் பல்பு போட்டால் வயர்தான் உருகும். எதிரே வருபவரின் கண் கூசும். இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக ஒரு கெட்டியான வயர். அதே 60 வாட் பல்பு பளிச்சென்று எரியும். சைக்கிளில் போகிற பிள்ளையும் தூரத்திலேயே தெரிவான்.

டயரும் அப்படித்தான். விட்டம் பத்து சதவீதம் கூடினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66ல் ஓடுகிறது. பிரேக்குக்கும் கிங்பின்னுக்கும் பாரம் கூடுகிறது. ஐந்து கியர் பெட்டி போட்டால் புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். ஷாஃப்டை வெட்டி ஒட்டும்போது இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் வண்டி முழுக்க ஒரு நடுக்கம் பரவும். இது வாசலில் செய்யும் வேலை அல்ல, லேத் பட்டறை வேலை. எது தன் கையால் முடியும், எது முடியாது என்று தெரிந்திருப்பதும் கைத்திறனில் சேர்த்திதான்.

தட்டுப்பாடு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1990களின் முதல் பாதியில் இலங்கை அரசின் தடையால் யாழ்ப்பாணத்துக்கு பெட்ரோல் வராமல் போனபோது, அங்கே பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். மூணாறு அருகே சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் பயணிகளைச் சுமப்பதும் ஜீப்புகளே. சொகுசு வண்டி தயங்கும் இடத்தில் பட்டைச் சுருளும் டிரான்ஸ்ஃபர் கேஸும் வேலை செய்கின்றன.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

வாசலில் எல்லாம் சரியாக முடிந்தாலும் கடைசிப் பரீட்சை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். தங்க வயலுக்கென்று தனிப் பதிவு எண் உண்டு, கே.ஏ. 08. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டணத்தோடு முடிவதில்லை. அதிகாரி முன் வண்டி நிற்க வேண்டும், ஆர்.சி.யில் எழுதியிருப்பதும் எதிரே நிற்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. எஞ்சின் மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன்னால் பூட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்துவிட்டது. நடந்துபோகிறவர் மீது மோதினால் அது எமன் என்பதுதான் காரணம்.

சட்டத்தின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தாறுமாறாக வெட்டி ஒட்டிய வண்டி ஓட்டுபவரை மட்டும் கொல்வதில்லை. ஆனால் வண்டிக்காரரின் கேள்வியிலும் நியாயம் உண்டு. பூஸ்டரும் நல்ல விளக்கும் போட்டுப் பாதுகாப்பைக் கூட்டுபவரையும், பானெட்டைக் கிழித்து அலங்காரம் செய்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே ரகப் பாகம், பிரேக், வயரிங், பேரிங் வேலைகள் என்ற எல்லைக்குள் நிற்பவருக்குப் பெரும்பாலும் தொல்லை வருவதில்லை. அதைத் தாண்ட நினைப்பவர், ஸ்பானரை எடுக்கும் முன் விண்ணப்பத்தை எடுப்பது நல்லது.

இன்னொரு பக்கம், பழைய ஜீப் வரும் வழியும் அடைபடுகிறது. அரசு அலுவலகங்கள் கழித்துவிடும் ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து உயிர் கொடுப்பது நாடு முழுக்க இருந்த வழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகிறது. ராணுவப் பணி, சட்டம் ஒழுங்கு போன்ற சில சிறப்பு வாகனங்களுக்குத்தான் விலக்கு. மற்றவை உடைப்பு நிலையத்துக்குப் போகின்றன. காற்று மாசு குறையும் என்பது அரசின் வாதம். கையோடு சேர்ந்து வளர்ந்த அறிவும் குறையும் என்பதை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

அந்த அறிவு எழுதி வைக்கப்பட்டதல்ல. சத்தம் கேட்டே எந்த பேரிங் என்று சொல்வது, நட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்று மணிக்கட்டிலேயே உணர்வது, புகையின் நிறத்தில் நோயைப் படிப்பது எல்லாம் பக்கத்தில் நின்று, டார்ச் பிடித்து, திட்டு வாங்கிக் கற்ற பாடங்கள். டார்ச் பிடிக்கவேண்டிய வயதுப் பிள்ளைகள் இப்போது பெங்களூர் ரயிலில் இருக்கிறார்கள். இன்றைய வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. கோளாறைச் சொல்ல கம்ப்யூட்டர் வேண்டும். ஆகவே வாசலில் நிற்கும் பழைய ஜீப் ஒரு வண்டி மட்டுமல்ல, அந்தப் பட்டறையின் கடைசி வகுப்பறை.

2024 ஜூனில் சயனைடு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்படிப்பட்ட செய்திகளைத் தங்க வயல் நிறையக் கேட்டிருக்கிறது. வரட்டும் பார்க்கலாம் என்பதுதான் ஊரின் பதில். சுரங்கம் திறக்குமா என்பது டெல்லியிலும் பெங்களூரிலும் முடிவாகிற சமாச்சாரம். நாளைக் காலை ஜீப் கிளம்புமா என்பது அப்படியல்ல. ஃபில்டர் தலையில் இருக்கும் அந்த ஒரு ஸ்க்ரூவுக்கு எந்த அளவு ஸ்பானர் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் போதும்.